அடுத்த கூண்டுச் சேவல்

வலையின் ஒரு கண்ணில் செவலையின் அலகு நுழைந்திருந்தது. அடுத்த கண்ணில், மறுபக்கமிருந்து காகத்தின் அலகு. கருஞ்சேவலைக் காகம் என்பது சேவல் வளர்ப்போர் வழக்கு. விடிந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இரண்டின் கழுத்து மயிரும் குடைபோல விரிந்திருந்தது. தலையைத் தாழ்த்தி, கண்ணோடு கண் வைத்து, அசையாமல் நின்றன. திடீரென்று செவலை துள்ளியது. இரண்டு காலும் வலையில் அடித்துத் திரும்பின. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் குனிந்து, தரையில் இல்லாத தீனியை இரண்டு கொத்து கொத்தின. மறுபடி தலையைத் தூக்கின, மறுபடி துள்ளின. செவலையைப் பிடித்து மடியில் வைத்தபோது அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. கொண்டையின் முன்நுனி கிழிந்து, ரத்தம் கண்ணோரத்தில் காய்ந்திருந்தது. வலது காலில் முள்ளின் அடித்தோல் பெயர்ந்திருந்தது.

இரண்டும் சண்டை போடக்கூடாது என்றுதான் இரண்டு நாளைக்கு முன் அந்த வலையையே அடித்திருந்தேன்.

இந்தத் தவறைச் செய்யாத சேவல் வளர்ப்பவர் குறைவு. முன்பெல்லாம் சேவல்களை எப்படிப் பிரித்து வைப்பது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. வீட்டுக்கு ஒரு சேவல் நிற்கும். மிச்சம் சந்தைக்குப் போகும், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும், அல்லது விருந்துக்கு ஆகும். இன்று நிலைமை வேறு. நாட்டுக்கோழி வளர்ப்பு தொழிலாகிவிட்டது. ஒருவரே பெருவிடை, சிறுவிடை, கடக்நாத் என்று மூன்று இனத்தைத் தனித்தனியாக வைக்கிறார். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை என்ற கணக்கில், நாற்பது பெட்டை இருந்தால் நான்கைந்து சேவல் வேண்டும். உறவுக் கலப்பைத் தவிர்க்க ரத்தம் மாற்ற வேண்டும் என்றால் அதற்கு மேலும் இரண்டு. கிளிமூக்கு விசிறிவால் சேவல்களை அழகுக்காகவே வளர்ப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். திண்டுக்கல்லில் அவற்றுக்குக் கண்காட்சியே நடக்கிறது. இடமோ சுருங்கிவிட்டது. தோட்டத்தின் ஒரு மூலை, வீட்டின் கொல்லை, சில இடங்களில் மொட்டைமாடி. அடுத்தடுத்த கூண்டில் சேவல்களை வைப்பதைத் தவிர வழியில்லை.

அப்படி வைக்கும்போது சண்டையை எப்படித் தவிர்ப்பது? இதற்குப் பல பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கும் முன், சேவல் ஏன் சண்டை போடுகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. காரணம் தெரியாமல் வைத்த தடுப்புதான் என் வலை.

1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்ற அறிஞர் ஆறு சேவல் குஞ்சுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். விதை எடுக்கப்பட்ட குஞ்சுகள் வளர்ந்தபின் கொண்டை சிறுத்து, கூவாமல், சண்டைக்கும் போகாமல் இருந்தன. எடுத்த விதையை வயிற்றுக்குள்ளேயே வேறிடத்தில் திரும்ப வைத்த குஞ்சுகளோ முழுச் சேவலாகக் கொண்டை சிவந்து, கூவி, சண்டையிட்டன. உடலுக்குள் ரத்தம் வழியாக ஏதோ ஒன்று பரவி இதைச் செய்கிறது என்பது அப்போது தெரிந்தது. இன்று அதை டெஸ்டோஸ்டீரோன் என்கிறோம். கொண்டையின் சிவப்பும் கூவலும் சண்டையும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை. நல்ல சேவல் வேண்டும், ஆனால் சண்டைக்குணம் வேண்டாம் என்று கேட்க முடியாது. பிரான்ஸிலும் சீனாவிலும் விதையெடுத்த சேவலை இறைச்சிக்காக வளர்க்கும் வழக்கம் உண்டு. இனப்பெருக்கத்துக்குச் சேவல் வைப்பவருக்கு அது பதிலாகாது.

அடுத்தது வரிசை. நார்வேக்காரரான ஷெல்டரூப்-எப்பே கோழிகளைச் சிறுவயதிலிருந்தே கவனித்து, 1922-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைச் சொன்னார்: கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது; அந்த வரிசை அமைந்துவிட்டால் கொத்து குறைந்துவிடும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. தீனி போட்டதும் எந்தக் கோழி முன்னால் வரும், எது ஒதுங்கி நிற்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த ஆய்வு நமக்குத் தருவது வேறொரு தெளிவு. சேவலுக்குச் சண்டை ஒரு கேள்வி: நீயா, நானா? அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் அது அடங்கிவிடும். விடை கிடைக்காமல் நீடிப்பதுதான் ஆபத்து.

நம் கோழிகளின் மூதாதையான செங்காட்டுக்கோழி காட்டில் அந்த விடையைப் பெறும் விதத்தைப் பாருங்கள். ஒரு தலைச்சேவல் பெட்டைகளோடு நடமாடும். சுற்றி, சற்றுத் தள்ளி, வேறு சேவல்களும் இருக்கும். மோதல் வந்தால் தோற்றது புதருக்குள் ஓடிவிடும். ஜெயித்தது சிறிது தூரம் விரட்டிவிட்டு நின்று, இறக்கையடித்துக் கூவும். கதை முடிந்தது. ஓடுவதற்கு இடம் இருப்பதால்தான் இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

வலைத்தடுப்பில் என்ன நடக்கிறது? தோற்ற சேவல் ஓடினால் நான்கடியில் சுவர் வந்துவிடுகிறது. அது திரும்பிப் பார்த்தால் எதிரி அதே இடத்தில் நிற்கிறான். ஜெயித்த சேவல் விரட்டிப் போக முடியாது. அதன் கண்ணுக்கு எதிரி இன்னும் களத்தை விட்டுப் போகவில்லை. ஆகவே ஜெயித்ததற்குத் தான் ஜெயித்தது தெரியாது, தோற்றதற்குத் தோற்றதும் தெரியாது. மறுநாள் காலை கேள்வி முதலிலிருந்து எழும். குறுந்தொகையின் 305-ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. குப்பைமேட்டில் மூட்டிவிடுவாரும் விலக்கிவிடுவாரும் இல்லாமல் தாமாகப் பொருதும் கோழிகளை உவமை சொன்னதால் அவர் குப்பைக் கோழியார் ஆனார். அந்தக் கோழிச் சண்டை தானாக முடிந்தால்தான் உண்டு. வலைக்கு இருபுறமும் நிற்கும் சேவல்களுக்கு அந்த முடிவும் கிடையாது.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வலை சேவல்களைப் பிரிப்பதில்லை, அவற்றின் சண்டை முடியாமல் பார்த்துக்கொள்கிறது. ஒரு வாரத்தில் இரண்டும் பழகிவிடும் என்று கூண்டு செய்பவர் சொல்வார். சாதுவான இனங்களில், வலைக்கு இருபுறமும் ஒன்றாகவே வளர்ந்த சேவல்களாக இருந்தால், பழகுவதும் உண்டு. பெருவிடையிலும் சண்டை ரத்தம் கலந்த எந்தச் சேவலிலும் அதை நம்பக்கூடாது. எங்கள் செவலை ஒன்பது நாள் பழகவில்லை. அந்த ஒன்பது நாளில் அது தீனியைப் பாதிதான் எடுத்தது. பெட்டைகளை மிதிக்கவே இல்லை. வலையோரம் இங்கும் அங்கும் நடந்து நடந்து மண்ணில் ஒரு தடமே விழுந்துவிட்டது.

காயம் கொண்டையோடு நிற்பதில்லை. கொண்டையில் ரத்த ஓட்டம் அதிகம். சிறு கிழிசலும் நிறைய ஒழுகும். ரத்தத்தைப் பார்த்த மற்றக் கோழிகளும் அதே இடத்தைக் கொத்தத் தொடங்கும். வலைக்கண்ணில் விரல் மாட்டினால் நகம் பெயரும். கண் போன சேவல்களையும் பார்த்திருக்கிறேன். இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது கோழி அம்மைக்கு. அந்தக் கிருமி கொசுக்கடி வழியாகப் பரவுவதுபோலவே தோல் காயம் வழியாகவும் உள்ளே போகும். தினமும் கொண்டை கிழிந்த சேவல், அம்மைக்கு வாசலைத் திறந்து வைத்ததற்குச் சமம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடுவது நல்ல முதலுதவி. நாளைக்கு அதே இடம் மறுபடி கிழியப்போகிறது என்றால் மருந்தால் என்ன பயன்?

இனி புழக்கத்தில் இருக்கும் வழிகளுக்கு வருவோம்.

பழமையானது கட்டுச்சேவல் முறை. ஒரு காலில் துணிப்பட்டை சுற்றி, கயிற்றில் முளையோடு கட்டுவது. இரண்டு கயிறுகளின் நீளத்தைக் கூட்டினால் வருவதைவிட முளைகளுக்கு நடுவே தூரம் அதிகம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பிலிப்பைன்ஸ் நாட்டில் பெரிய சேவல் பண்ணைகளில் கூடார வடிவக் குடில்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முன்பும் ஒரு சேவல் கயிற்றில் இருக்கும். அங்கே நூற்றுக்கணக்கான சேவல்கள் ஒன்றையொன்று பார்த்தபடியே நிற்கின்றன. வலையில் ஓயாத சண்டை, கயிற்றில் ஏன் ஓய்கிறது? தூரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். எதிரி தெரிகிறான், ஆனால் கொத்து எட்டும் தொலைவில் இல்லை. காவல் காக்க நடுவில் ஒரு வேலியும் இல்லை. இரண்டொரு நாள் இழுத்துப் பார்த்துவிட்டுச் சேவல் தன் வட்டத்துக்குள் மண்ணைக் கிளறத் தொடங்கிவிடுகிறது. சிக்கல் பார்வையில் மட்டும் இல்லை, அலகு எட்டும் தொலைவில் கிடைக்கும் பார்வையில் இருக்கிறது.

ஆனாலும் கட்டுமுறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கயிற்றில் இருக்கும் சேவல் நாய்க்கும் கீரிக்கும் தப்ப முடியாது. கயிறு சுற்றிக் கால் வீங்குவதுண்டு. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், ஒரு விலங்கை நியாயமற்ற அளவு குட்டையான கயிற்றிலோ சங்கிலியிலோ நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதை வதை என்றே சொல்கிறது. நகர இடமில்லாத கூண்டில் அடைப்பதையும் அதே சட்டம் வதை என்கிறது. பகலில் ஒரு மணி நேரம் வெயில் காய, மண் குளிக்கக் கட்டி விடலாம். வாழ்நாள் முழுக்கக் கயிற்றிலேயே வைப்பது சரியில்லை.

பஞ்சாரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கொங்குப் பக்கம் கொடாப்பு என்பார்கள். மூங்கில் பஞ்சாரம் குஞ்சுகளுக்கும் தாய்க்கோழிக்கும் ஏற்றது. சேவலுக்கு அது இரவுக்கு மட்டும். பகலில் பஞ்சாரத்துக்குள் நிற்கும் சேவலை வெளியே திரியும் இன்னொரு சேவல் சுற்றிச் சுற்றி வந்து கொத்தும். உள்ளே இருப்பதற்கு ஒதுங்கவே இடமிருக்காது.

தூரத்தைப் பயன்படுத்தும் இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தில் சேவல் சண்டை 1835-இல் சட்டத்தால் தடுக்கப்படும் வரை, சேவல்காரர்கள் இளஞ்சேவல்களைப் பக்கத்துப் பண்ணைகளில் ஒவ்வொன்றாக விட்டு வளர்ப்பார்கள். ஒரு பண்ணைக்கு ஒரு சேவல்தான், வேறு சேவல் இருக்கக்கூடாது. அங்கே அது பெட்டைகளோடு சுதந்திரமாகத் திரியும். நம் ஊரில் ஆடு கோழிகளை வாரத்துக்கு விடும் பழக்கம் இதையேதான் செய்கிறது. தெரிந்தவர் தோட்டத்தில் சேவலை விட்டு, பொரிக்கும் குஞ்சில் பங்கு பிரித்துக்கொள்வது. ரத்தம் மாற்றவும் இது உதவும். ஆறு சேவல் வைத்திருப்பவர் மூன்றை வாரத்துக்கு விட்டால் அவருடைய சிக்கலில் பாதி அன்றைக்கே தீர்ந்துவிடும். காசு செலவில்லாத இந்த வழியை இன்றைய வளர்ப்பவர்கள் மறந்துவருவது எனக்கு வருத்தமே.

சேவல்களை ஒன்றாகவே வளர்த்துவிடலாமே என்பார்கள் சிலர். ஒரே ஈட்டில் பொரித்த சேவல் குஞ்சுகளைப் பிரிக்காமல், பெட்டை வாடையே இல்லாமல், விசாலமான இடத்தில் வளர்த்தால் அவை தமக்குள் வரிசை அமைத்துக்கொண்டு ஒன்றாக இருக்கும். சிறுவிடையிலும் கடக்நாத்திலும் இது பெரும்பாலும் நடக்கும். ஆனால் இந்த அமைதி நூலிழையில் தொங்குவது. ஒரு சேவலை வெளியே எடுத்து இரண்டு வாரம் கழித்துத் திரும்ப விட்டால் அது புதிய ஆள்தான். ஒரு பெட்டை வேலி தாண்டி உள்ளே வந்தாலும் வரிசை கலையும். கோழிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் வைத்தே அடையாளம் காண்கின்றன. காயத்தால் ஒரு சேவலின் கொண்டை வீங்கி உருமாறினால்கூடப் பழைய கூட்டாளி அதை அந்நியனாக நினைத்துத் தாக்கும். பெருவிடையில் இந்த முறையை முயலவே வேண்டாம். அதன் குஞ்சுகள் இறகு முளைக்கும் வயதிலேயே ரத்தம் வரக் கொத்திக்கொள்பவை. நான்கைந்து மாதத்தில், குரல் உடைந்து கூவப் பழகும்போதே, தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

முள்ளை வெட்டினால் போதும் என்பவர்களும் உண்டு. முள் வாழ்நாள் முழுவதும் வளரும்; மேலே நகம்போன்ற உறை, உள்ளே எலும்பு. கூர்நுனியை மட்டும் தேய்த்து மழுக்கலாம். பெட்டைகளின் முதுகு கிழியாமல் இருக்க அது உதவும். சண்டையை அது நிறுத்தாது. ஆழமாக வெட்டினால் ரத்தம் நிற்காது.

இவையெல்லாம் போக, எஞ்சி நிற்பது மறைப்புச் சுவர். அடுத்தடுத்த கூண்டு என்றாகிவிட்ட இடத்தில் இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை. சண்டை கண்ணில் தொடங்குகிறது. கண்ணை மறைத்துவிட்டால் மிச்சம் எளிது. சொல்லும்போது எளிதாகத் தோன்றினாலும், செய்யும்போது சிறு சிறு இடங்களில் சறுக்கும். எனக்குச் சறுக்கிய இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உயரம். நன்கு வளர்ந்த பெருவிடைச் சேவல் நிமிர்ந்து நின்றால் இரண்டரை அடி வரும். கூவும்போது இன்னும் எக்கும். எனவே தரையிலிருந்து மூன்றடி முழு மறைப்பு. எட்டு அங்குல ஹாலோ பிளாக்கில் நான்கு வரிசை வைத்தால் இரண்டடி எட்டு அங்குலம். அது போதாது, ஐந்தாவது வரிசையும் வேண்டும். பலரும் இங்கேதான் ஒரு கல்லை மிச்சம் பிடிப்பார்கள்.

அடுத்தது பரண். தரையில் நிற்கும் உயரத்துக்குச் சுவர் கட்டிவிட்டு, இரண்டடி உயரத்தில் சேவல் அடையக் கம்பு போட்டால், கம்பில் ஏறியதும் அதன் தலை சுவருக்கு மேலே வந்துவிடும். அடுத்த கூண்டிலும் அப்படியே. சாயங்காலம் இரண்டும் சுவருக்கு மேலே வலைவழியாக நேருக்கு நேர் சந்திக்கும். கம்பைப் பொதுச்சுவருக்கு எதிர்ச்சுவரில் போடுங்கள். அல்லது கம்பு இருக்கும் பகுதியில் மட்டும் மறைப்பைக் கூரைவரை கொண்டுபோங்கள்.

முழுச்சுவரையும் கூரைவரை எழுப்பினால் என்ன என்று கேட்கலாம். நம் வெயிலுக்கு அது ஆகாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல்சூடு சாதாரணமாகவே 41 டிகிரியை ஒட்டி இருக்கும். வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சித்திரை வைகாசியில் காற்றோட்டம் இல்லாத கூண்டு, சண்டையைவிடச் சீக்கிரம் சேவலைக் கொன்றுவிடும். கீழே மூன்றடி மறைப்பு, மேலே வலை. காற்று மேலே ஓட வேண்டும், பார்வை கீழே அடைபட வேண்டும்.

மூன்றாவது இடுக்கு. மறைப்பாக வைத்த தகரத்தின் அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது எங்கள் இரண்டாவது கூண்டில். காகம் தரையோடு தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அந்த இடுக்கில் பார்த்துக்கொண்டே நிற்கும். மறுபக்கம் செவலையின் கால் விரல் தெரிந்ததும் ஒரு கொத்து. மூன்று நாள் கழித்துத்தான் செவலை நொண்டும் காரணம் எனக்குப் புரிந்தது. மறைப்பின் அடியைக் கால் அடி மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். ஆணி அடித்த ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். ஒரு சிறு துளையில் அந்தப்பக்கத்துக் கொண்டையின் சிவப்பு அசைந்தால் போதும்.

பொருள்களைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தென்னங்கீற்று குளிர்ச்சி, மலிவு. ஒரு மழைக்காலம் தாங்கும். சாக்கைக் கொத்திக் கொத்தி நூல் பிரித்துவிடும், அவசரத்துக்குக் கட்டலாம். ஃபிளெக்ஸ் பேனர் நன்றாக மறைக்கும், ஓரம் கிழியாமல் மடித்துக் கட்ட வேண்டும். பச்சை நிழல்வலையில் ஏமாறாதீர்கள்: பாதி வெயிலை விடும் ரகத்தில், காலைச் சூரியன் பின்னால் நிற்கும்போது அடுத்த சேவலின் நிழலுருவம் அச்சாகத் தெரியும். நிழலைப் பார்த்தே துள்ளும் சேவல்கள் இருக்கின்றன. பளபளக்கும் புதுத்தகரமும் வேண்டாம். தெருவில் நிறுத்திய பைக் கண்ணாடியைக் கொத்தும் சேவலை நீங்களே பார்த்திருப்பீர்கள். தகரம்தான் இருக்கிறது என்றால் உள்பக்கம் சுண்ணாம்போ சாணமோ பூசி மங்கலாக்கிவிடுங்கள்.

இரண்டு வலைகளுக்கு நடுவே இரண்டு மூன்று அடி சந்து விடுவதைச் சிலர் சொல்கிறார்கள். காயம் வராது, உண்மை. ஆனால் காவல் காக்க வேலி இருப்பதால் வேலியோர நடை நிற்காது, சேவல் இளைப்பதும் நிற்காது. சந்துக்கு விடும் இடத்தைச் சேவலுக்கே விட்டு, ஒரு சுவரை எழுப்புவது மேல் என்பது என் முடிவு.

சுவருக்கு அடுத்தபடி, கூண்டுக்குள் எதை எங்கே வைக்கிறோம் என்பதும் பெரிய விஷயம். தீனித்தட்டும் தண்ணீரும் மண்குளியல் குழியும் பொதுச்சுவரை விட்டுத் தள்ளி இருக்கட்டும். சேவல் எங்கே தன் பெட்டைகளை ‘டக் டக்’ என்று கூப்பிட்டுத் தீனி காட்டுகிறதோ, அதுவே அதன் அரண்மனை. அந்த அரண்மனை எல்லைக்கோட்டின் மேல் அமையக்கூடாது. பெட்டைகள் பொதுச்சுவரோரம் போனால் சேவலும் பின்னாலேயே காவல் போகும். கூண்டு வரிசையில் இரண்டு சேவல் அறைகளுக்கு நடுவில் ஓர் அறை அடைக்கோழிக்கோ தாயும் குஞ்சுக்குமோ ஒதுக்கினால் நல்ல இடைவெளி கிடைக்கும். அந்த நடு அறையில் முட்டையிடும் வெடைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரு பக்கச் சேவலும் நடு அறையை நோக்கியே நின்று இறக்கையைத் தரையில் தேய்த்து ஆடிக்கொண்டிருக்கும். எதிரெதிர் வரிசையில் கூண்டு கட்டுபவர்கள் வாசலை நேருக்கு நேர் வைக்காமல் ஓர் அடி தள்ளி வைக்க வேண்டும். மாற்றங்களை இரவில் செய்யுங்கள். இருட்டில் கோழி அடங்கிக் கிடக்கும். விடியும்போது புதுச்சுவர் அங்கே எப்போதும் இருந்ததுபோல நின்றுகொண்டிருக்கும். திறந்துவிடும்போது ஒரே நேரத்தில் எல்லாக் கூண்டையும் திறக்காமல், ஒரு சேவல் மேய்ந்து திரும்பிய பிறகு அடுத்ததை விடுங்கள். இந்த முறைவைப்பு இருக்கும் இடத்தை இரட்டிப்பாக்கும்.

கண்ணை மறைத்துவிட்டோம், காதை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதே பதில். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் யோஷிமுராவும் ஷிம்முராவும் செய்த ஆய்வுகள் இங்கே உதவுகின்றன. சேவல் விடியலுக்கு முன் கூவுவது உடலுக்குள் ஓடும் கடிகாரத்தால்தான், வெளிச்சத்தைப் பார்த்து இல்லை என்று 2013-இல் காட்டினார்கள். 2015-இல் இன்னொன்றைக் கண்டார்கள்: கூட்டத்தில் தலைச்சேவல்தான் முதலில் கூவுகிறது, மற்றவை வரிசைப்படி அடுத்தடுத்துக் கூவுகின்றன. தலைச்சேவலை எடுத்துவிட்டால் இரண்டாவது முதலில் தொடங்கும். கூவலும் ஓர் எல்லைக்கல்தான். பார்க்காமலே பேசிக்கொள்ளச் சேவலுக்குக் குரல் இருக்கிறது. சுவர் எழுப்பிய பிறகு எங்கள் காகமும் செவலையும் மாறி மாறிக் கூவுவதைக் கேட்கும்போது, அவை ரத்தம் சிந்தாமல் தங்கள் கணக்கைப் பேசி முடிக்கின்றன என்று தோன்றுகிறது.

இன்னொரு ஆய்வைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டது. கூண்டின் மேலே பருந்தின் நிழலை ஓடவிட்டார்கள். தனியாக இருந்த சேவல் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. வலைக்கு அப்பால் இன்னொரு சேவல் தெரிந்தபோது எச்சரிக்கைக் குரல் கொடுத்தது. அந்தச் சேவலுக்குப் பதிலாகக் கண்ணாடியை வைத்தபோது அந்தக் குரல் மிகக் குறைந்துவிட்டது. எந்தச் சேவலோடு மோதுமோ, அந்த அண்டைச் சேவலுக்காகவே அது கத்துகிறது. இது நான் வலையைப் பற்றிச் சொன்னதற்கு மாறானது என்று எனக்குப் படவில்லை. பெட்டையும் இடமும் கேள்வியாக நிற்கும்போது எதிரி. வானத்தில் பருந்து வந்தால் தன் இனம். சேவலை வெறும் சண்டைப் பிராணியாக நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படி நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சட்டத்தையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சேவல் வளர்ப்பது குற்றமில்லை. விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடத் தூண்டுவதை மேலே சொன்ன 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு குற்றம் என்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு எடுத்த நடுகல் வட்டெழுத்துக் கல்வெட்டோடு நிற்கிறது. சண்டையில் மாண்ட சேவலுக்குக் கல் நட்டு மரியாதை செய்த மக்கள் நாம். அந்த அன்பு உண்மையானது. அதே அன்பை உயிரோடு இருக்கும் சேவலுக்குக் காட்ட, இன்று நம்மிடம் கல்லும் கீற்றும் இருக்கின்றன.

கடைசியாக எண்ணிக்கை. இத்தனை வழி இருந்தும், இடத்துக்கு மிஞ்சிய சேவல் வைத்திருப்பவருக்கு எதுவும் உதவாது. ஒரு சேவலும் அதன் பெட்டைகளும் கொத்திக் கிளறித் திரிய ஒரு கோழிக்குப் பத்துச் சதுர அடி திறந்த இடமாவது கொடுக்க முடியாதபோது, அடுத்த சேவலை வாங்குவதை நிறுத்திவிட வேண்டும். அழகான கிளிமூக்கைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், எனக்கும்தான். இடம் இல்லை என்றால் வாரத்துக்கு விட ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பிறகு விலை பேசுங்கள்.

இப்போது உங்கள் கொல்லையில் வலைக்கு இருபுறமும் இரண்டு சேவல் நிற்கிறது என்றால், கல் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு அவை அடைந்த பிறகு, கிடைத்த சாக்கையோ கீற்றையோ வலையில் மூன்றடி உயரத்துக்குக் கட்டிவிடுங்கள். அடியில் இடுக்கு இல்லாமல் மண்ணை இழுத்துத் தள்ளி மிதித்துவிடுங்கள். காலையில் முதல் வேலையாகப் போய், இரண்டின் கொண்டையையும் பாருங்கள்.